ஒரு பங்கு வெயில்

தொட்டிக்குள் எதுவும் தெரியவில்லை. தண்ணீர் பச்சையாக இருந்தது. தணிகைவேல் கண்ணாடியில் டார்ச்சை வைத்து அழுத்தினான். வெளிச்சம் இரண்டு விரல் ஆழம் போய் நின்றுவிட்டது.

"உள்ள மீன் இருக்காம்மா?"

"இருக்கு. தீனி போட்டா மேல வரும்" என்றாள் நிலானி.

பதினாறு வருடமாக அவன் கீழ்நகரத்தில் மீன்தொட்டி பராமரிக்கிறான். கூப்பிடுகிறவர்களின் குறை எப்போதும் ஒன்றுதான். செடி மஞ்சளாகிறது, இலை உதிர்கிறது, தண்டு வெளிச்சம் தேடி நீண்டு முறிகிறது. பாசிக்காக யாரும் கூப்பிடுவதில்லை. பல பங்கு வெயில் விழும், ஆறேழு பேர் இருக்கிற பெரிய வீடுகளில் இரண்டு முறை பாசியைப் பார்த்திருக்கிறான். இந்த வீட்டில் ஒரே ஒரு கட்டில் இருந்தது.

தரைக்கு மேலே மனிதர்கள் இருக்க முடியாமல் போய் நாற்பது வருடம் ஆகிறது. இப்போது அங்கே கண்ணாடிகள் நிற்கின்றன. அவை வெயிலைப் பிடித்துக் குழாய்களில் இறக்குகின்றன. ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் ஒரு வாய் உண்டு. ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்கு அதிலிருந்து வெயில் விழும். ஆளுக்கு மூன்று மணி நேரம். அதைப் பங்கு என்றார்கள். மற்ற நேரத்துக்கு மங்கலான மின்விளக்கு. அதில் பார்க்கலாம், படிக்கலாம். எதுவும் வளராது.

தணிகைவேல் சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து மூன்று சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினான். நிறம் மாறவில்லை.

"தீனி அளவாத்தான் போடறீங்க. அழுக்கு சேரல. பாசி ரெண்டு காரணத்துக்குத்தான் வரும். ஒண்ணு தீனி ஜாஸ்தி. இல்லன்னா வெயில் ஜாஸ்தி. தொட்டிக்கு எவ்ளோ நேரம் விடறீங்க?"

"காலைல ஆறுலேருந்து ஒன்பது. சாயங்காலம் மூணுலேருந்து ஆறு."

அவன் கூரையைப் பார்த்தான். வாய்க்கு நேர்கீழே தொட்டி இருந்தது.

"ஆறு மணி நேரமும் மீனுக்கேவா? நீங்க உக்கார்றதில்லையா?"

"சாயங்காலம் ஓரமா உக்காருவேன். அது என் பங்கு."

"காலைல?"

"பையனோடது. அகரன். தொட்டியும் அவன் வாங்கினதுதான்."

"தம்பி எங்க?"

"இல்ல" என்றாள்.

வேலைக்குப் போயிருப்பான் என்று தணிகைவேல் நினைத்துக்கொண்டான்.

பையைத் திறந்து மூன்று பல்புகளை எடுத்துத் தரையில் வைத்தான். தொழிலுக்கென்று தனியாக அனுமதி வாங்கிய பல்புகள். ஒவ்வொன்றாகத் தொட்டியின் மேல் பிடித்துக் காட்டினான்.

"இது மஞ்சள். பார்வைக்கு நல்லாருக்கும். செடி சாகாது, வளரவும் வளராது. இது நீலம் கலந்தது. மீன் கலர் தூக்கலாத் தெரியும், ஆனா பாசிக்குக் கொண்டாட்டம். இந்த வெள்ளைதான் உங்களுக்குச் சரி. காலைல வாயை மூடிட்டு இதை மட்டும் ஆறு மணி நேரம் போடுங்க. அதுவா அணையற மாதிரி வெச்சுத் தரேன். சாயங்கால வெயிலை நீங்க எடுத்துக்கோங்க. ஒரு மாசத்துல தண்ணி கண்ணாடி மாதிரி ஆயிடும்."

"காலை வெயிலை மூடக் கூடாது."

"அதாம்மா காரணமே."

"வேற எது சொன்னாலும் செய்யறேன். அதை மூட முடியாது. அவன் பங்கு வீணாகும்."

அவன் பல்புகளைப் பையில் போட்டுக்கொண்டான். கண்ணாடியைச் சுரண்டினான். பாதித் தண்ணீரை மாற்றினான். மிதக்கும் செடி ஒரு பிடி, நத்தை பத்து விட்டான். இது நிற்காது என்று அவனுக்குத் தெரியும்.

கை கழுவும்போது சொன்னான். "தப்பா நினைக்காதீங்க. வயசுப் பையன் வெயில்ல உக்காராம மீனுக்கு விடறான். எலும்பு என்னத்துக்காகும்? எங்க வீட்ல ஒண்ணு இருக்கு, செம்மலர்னு. நாலு வயசு. கால் ரெண்டும் வில்லு மாதிரி வளையுது."

"அவ பங்கு?"

"எங்க பங்கு? பொறக்கிற பிள்ளைக்கு உடனே குடுக்கறாங்களா? யாராவது போய்ச் சேர்ந்து பேரு எடுத்தாத்தானே பட்டியல் நகரும். என் பங்கை அவளுக்கு விட்டுட்டேன். டாக்டர் ஆறு மணி நேரம் கேக்கறாரு. வீட்டுக்காரிதையும் விட்டா அவ படுத்துடுவா. இப்பவே முட்டி வலிக்குதுன்றா."

"எத்தனாவது நம்பர்?"

"நாப்பத்தொண்ணு. போன வருஷம் நாப்பத்தெட்டு. நம்ம வட்டத்துல யாரும் சாக மாட்டேங்கறாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

நிலானி சிரிக்கவில்லை. துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

பதினைந்து நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். காலை ஆறு மணிக்கு முன்பே வரச் சொன்னாள்.

தண்ணீர் முன்பைவிடக் கெட்டியாக இருந்தது. நத்தைகள் நீர்மட்டத்துக்கு மேலே கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. மூன்று ஏஞ்சல் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நான்காவது ஒரு கிண்ணத்தில் கிடந்தது.

"இருட்டுல பாசியும் மூச்சு விடும்மா" என்றான் அவன். "மீனுக்கு இருக்கிற காத்தை அது எடுத்துக்கும். விடியற நேரத்துக்குள்ள ஒண்ணும் மிச்சமிருக்காது. இன்னும் ஒரு வாரம் இப்படியே போனா மத்ததும் போயிடும்."

"வெயில் வந்தா சரியாயிடுதே."

"சரியாகிற மாதிரி தெரியும். வெயில் வந்தா பாசி இன்னும் பெருகும். மறுநாள் இன்னும் கஷ்டம்."

ஆறு மணி ஆனது. பச்சைத் தண்ணீரில் வெயில் தூண் மாதிரி இறங்கியது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒரே வழிதான் இருக்கு. கறுப்புத் துணி போட்டு மூணு நாள் மூடணும். ஒரு பொட்டு வெளிச்சம் போகக் கூடாது. காத்துக் குழாய் வெச்சிடறேன், மீனுக்கு ஒண்ணும் ஆகாது. பாசி செத்துடும்."

"மூணு நாள்" என்றாள் நிலானி.

"அந்த மூணு நாளும் தம்பி வெயில்ல உக்காரட்டுமே."

அவள் பதில் சொல்வதற்குள் சுவரிலிருந்த ஒலிப்பெட்டி பேசியது. அன்று மாதத்தின் முதல் நாள். வட்ட அலுவலகத்து இயந்திரம் எல்லா வீட்டையும் அழைத்துத் தலை எண்ணும் நாள்.

"வணக்கம். நிலானி இருக்கிறாரா?"

"இருக்கேன்."

"அகரன் இருக்கிறாரா?"

"இல்ல."

"திரும்பி வந்ததும் தெரிவியுங்கள். அவருடைய பங்கு எடுத்து வைக்கப்பட்டுள்ளது. நன்றி."

"சரி" என்றாள்.

தணிகைவேல் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு வீட்டைப் பார்த்தான். கதவோரம் ஒரு ஜோடி செருப்பு. கொடியில் புடவை மட்டும். அடுப்பு மேல் ஒரு சின்னப் பாத்திரம்.

"நான் பொய் சொல்லல தம்பி" என்றாள் நிலானி.

அவளே சொன்னாள்.

"மேல கண்ணாடி துடைக்கிற வேலை. குளிர் உடுப்புக்குள்ள தண்ணி ஓடுமில்ல, அந்தக் குழாய் அடைச்சுக்கிச்சாம். லிஃப்ட் வரைக்கும் நடந்து வந்திருக்கான். எட்டு மாசமாச்சு. தூக்கிட்டுப் போன மறுநாள் இது கூப்பிட்டுச்சு. அகரன் இருக்காரான்னுச்சு. இல்லன்னேன். நிஜமாவே அதைத்தான் சொன்னேன். அது வெளிய போயிருக்கான்னு எடுத்துக்கிச்சு. வந்ததும் சொல்லுங்கன்னுச்சு."

"நீங்க அப்பவே விளக்கமா..."

"காரியம் முடியட்டும்னு இருந்தேன். பதினேழாம் நாள் காலைல ஆறு மணிக்கு வெயில் வந்துச்சு. அவன் எழுந்திரிக்கிற நேரம். நான் எப்படித் தம்பி வேண்டாம்னு சொல்றது?"

அவன் தரையைப் பார்த்தான்.

"எனக்குன்னு ஒரு நிமிஷம் எடுத்துக்கல. உக்காந்தா பாவம்னு தள்ளி நிக்கறேன். அவன் வாங்கின மீனுக்குத்தான் விடறேன்." பிறகு கேட்டாள். "உங்க பொண்ணு நம்பர் இப்ப எத்தனை?"

"நாப்பத்தொண்ணு."

"அதேதானா."

"அதேதான்."

தொட்டியில் ஏஞ்சல்கள் இன்னும் மேலேயே நின்றன. அவள் வெகுநேரம் அவற்றைப் பார்த்தாள்.

"துணி போடுங்க" என்றாள்.

அவன் காற்றுக் குழாயை இறக்கினான். கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாகப் போட்டு நான்கு பக்கமும் நாடாவால் ஒட்டினான். வெயில் துணியின் மேல் விழுந்தது.

அவன் வீட்டில் மனைவி இதழினி மகளின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் நடந்ததைச் சொன்னான். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தான்.

"எட்டு மாசமா" என்றாள் இதழினி. "செத்துப் போனவன் பங்கு மீனுக்கு."

"பெத்த தாய்டி அவங்க."

"நான் யாரு?"

செம்மலர் தூங்கிப்போயிருந்தாள். முட்டிக்குக் கீழே இரண்டு கால்களுக்கும் நடுவில் ஒரு கை போகும் இடைவெளி இருந்தது.

"மறைச்ச சாவைச் சொல்றவங்களுக்குப் பட்டியல்ல பத்து இடம் குடுக்கறாங்க. தெரியுமில்ல உனக்கு?" என்றாள்.

"அவங்க பங்கை ஆறு மாசம் நிறுத்திடுவாங்க. அதுவும் தெரியும். அவங்களே சொன்னா தண்டனை இல்ல."

"அவங்களே சொன்னா நமக்கு எவ்ளோ நகரும்?"

"ஒண்ணு."

"நாம சொன்னா பத்து." இதழினி எண்ணெய்க் கிண்ணத்தை மூடினாள். "நீ சொல்லலன்னா நான் சொல்றேன். அந்தப் பாவம் எனக்கே இருக்கட்டும்."

"மூணு நாள் குடு. துணியை எடுக்கப் போகணும். அன்னிக்கு அவங்களையே சொல்லச் சொல்லிக் கேக்கறேன்."

அவள் மறுக்கவில்லை. சம்மதம் என்றும் சொல்லவில்லை.

நான்காம் நாள் விடிந்ததும் போனான். வெயில் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. நிலானி தொட்டிக்குப் பக்கத்தில், வெளிச்சத்தில் படாமல், ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"மூணு நாளும் துணி மேல விழுந்துச்சு" என்றாள். "கையை வெச்சுப் பார்த்தேன். நல்ல சூடு."

அவன் நாடாவைப் பிரித்துத் துணியை எடுத்தான். தண்ணீர் வெளுத்திருந்தது. அடியில் பாசி பழுப்பாகப் படிந்து கிடந்தது. இரண்டு ஏஞ்சல், டெட்ரா என்கிற சின்ன மீன் ஏழு. மூன்றாவது ஏஞ்சலைக் காணோம். மீன்கள் வெளிச்சம் பட்டதும் ஒரு மூலையில் ஒதுங்கின.

குழாய் வைத்து அடியில் படிந்ததை உறிஞ்சி எடுத்தான். வேலை செய்துகொண்டே சொன்னான். அவளைப் பார்த்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"என் வீட்டுக்காரி சொல்லப் போறேன்றா. பத்து இடம் முன்னாடி வரும். மூணு நாள் கேட்டு வாங்கியிருக்கேன்."

"இந்த மூணு நாள்ல நீங்க ஏன் சொல்லல?"

"தெரியலம்மா."

நிலானி எழுந்தாள். ஒலிப்பெட்டியின் கீழே போய் நின்றாள்.

"என்ன சொல்லணும் இதுகிட்ட?"

"பேரு நீக்கணும்னு சொல்லுங்க. காரணம் கேக்கும்."

அவள் பொத்தானை அழுத்தினாள். இயந்திரம் வணக்கம் சொன்னது. பெயர் கேட்டது. அகரன் என்றாள். காரணம் கேட்டது.

"தவறிட்டான்."

"மன்னிக்கவும். தெளிவான சொல் தேவை."

"காலமாயிட்டான்."

"தெளிவான சொல் தேவை."

"சாமிகிட்ட போயிட்டான்."

"தெளிவான சொல் தேவை."

அவள் திரும்பித் தணிகைவேலைப் பார்த்தாள்.

"அது அப்படித்தாம்மா" என்றான் மெதுவாக. "முன்ன ஒரு தடவை யாரோ போயிட்டார்னு சொல்லி, கடைக்குப் போன ஆளு பேரை எடுத்துட்டாங்க. அதுலேருந்து ஒரே ஒரு சொல்லுதான் எடுத்துக்கும்."

அவளுக்கு அது எந்தச் சொல் என்று தெரியும். சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். இயந்திரம் காத்திருந்தது.

"செத்துட்டான்" என்றாள். "என் பையன் செத்துட்டான்."

"பதிவு செய்யப்பட்டது. ஆழ்ந்த இரங்கல். அகரனின் பெயர் நீக்கப்பட்டது. பங்கு மாற்றம் எதுவும் இல்லை."

தணிகைவேல் குழாயைக் கீழே வைத்தான். "மாற்றம் இல்லன்னா? அந்தப் பங்கு யாருக்குப் போகும்?"

"பதினாறு நாட்களுக்கு மேல் வீட்டில் இல்லாதவரின் பங்கு எடுத்து வைக்கப்படும். எட்டு மாதங்களுக்கு முன்பே அது எடுக்கப்பட்டுப் பட்டியலில் இருந்த ஒரு குழந்தைக்குத் தற்காலிகமாக வழங்கப்பட்டது. இனி அது அந்தக் குழந்தைக்கு நிரந்தரம். நன்றி."

பெட்டி அடங்கியது.

நாற்பத்தொன்று நாற்பத்தொன்றாகவே இருக்கும். அதைத்தான் அவன் முதலில் நினைத்தான். பிறகுதான் தொட்டியைப் பார்த்தான். வெயில் அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது.

"அப்போ இது யாரோடது?" என்றாள் நிலானி.

அவன் வாயின் கீழே போய் அண்ணாந்து பார்த்தான். கண் கூசியது. அந்த நேரத்தில் வெயில் சட்டென்று நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம். மறுபடி வந்தது. கொஞ்சம் சாய்வாக விழுந்தது.

"தினமும் இப்படி நடக்குதா?"

"எப்பவாவது மங்கும். மேகம்னு நினைச்சுப்பேன்."

"மேல மேகம் ஏதும்மா."

அவள் அவனைப் பார்த்தாள்.

"கண்ணாடியைச் சக்கரம் வெச்சுக் கையாலதான் திருப்புவாங்க" என்றான் அவன். "ஒரு கண்ணாடி விலகி இன்னொண்ணு இந்தக் குழாய்க்குத் திரும்பினா இப்படித்தான் விட்டு வரும். அலுவலகம் அனுப்பறது இப்படி விட்டு வராது." கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மணி ஏழு. "உக்காருங்க. பார்ப்போம்."

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். டெட்ராக்கள் மூலையை விட்டு ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஏழரைக்கு வெயில் நின்று வந்தது. எட்டுக்கு நின்று வந்தது. எட்டரைக்கும் நின்று வந்தது. ஒன்பதுக்கு நின்றது, திரும்ப வரவில்லை.

"அரை அரை மணி நேரம்" என்றான் தணிகைவேல். "நான் ஆறே முக்காலுக்கு வந்தேன். ஆறரைக்கும் ஒண்ணு இருந்திருக்கும்."

நிலானி விரல் விட்டு எண்ணினாள்.

"ஆறு பேர்" என்றாள். "அவன்கூட வேலை பார்த்தவங்க ஆறு பேர். காரியத்துக்கு எல்லாரும் வந்தாங்க. மூஞ்சியெல்லாம் தோல் உரிஞ்சு, சாப்பிடக்கூட வாய் திறக்க முடியல ஒருத்தனுக்கு. கிளம்பும்போது ஒரு பையன் எங்க குழாய் நம்பரைக் கேட்டான். எதுக்குன்னு நான் கேக்கல."

"அவங்கவங்க வீட்டுக்குப் போற கண்ணாடியை இங்க திருப்பறாங்க. அவங்க பங்குல அரை மணி நேரம்" என்றான். "ஆளுக்கு."

அவள் தொட்டியின் கண்ணாடியை விரலால் துடைத்தாள். அங்கே துடைக்க எதுவும் இல்லை.

"அதையா நான் பாசியாக்கி வெச்சிருந்தேன்" என்றாள்.

பிறகு அவள் கேட்டாள். "உங்க வீட்டுக் குழாய் நம்பர் என்ன தம்பி? அந்தப் பையன்கிட்ட சொல்றேன். அந்தப் பக்கம் திருப்பச் சொல்றேன்."

தணிகைவேலுக்கு நம்பர் நாக்கு நுனியில் இருந்தது. மூன்று மணி நேரம். தன்னுடையதோடு சேர்த்தால் ஆறு. டாக்டர் கேட்ட ஆறு. அவன் கறுப்புத் துணியை எடுத்து மடித்தான். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தான்.

"அவங்களுக்கும் பிள்ளைங்க இருக்கும்மா" என்றான்.

"இருக்கும்."

அவன் வெள்ளை பல்பைத் தொட்டியின் மேல் பொருத்தினான். ஆறு மணி நேரத்துக்கு முள்ளைத் திருப்பி வைத்தான். பல்பு எரிந்தது. மீன்களின் நிறம் சரியாகத் தெரிந்தது. நிலானி அதைப் பார்க்காமல் புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். செருப்பைத் தேடினாள்.

"எங்கம்மா கிளம்பறீங்க?"

"மேல் வாசலுக்கு. அவங்க ஷிஃப்ட் முடிஞ்சு மத்தியானம் லிஃப்ட்ல இறங்குவாங்க. நிறுத்தச் சொல்லணும்."

"என்னன்னு சொல்லுவீங்க?"

"அகரன் செத்துட்டான்னு."

"அது அவங்களுக்குத் தெரியும்மா."

"எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியாது" என்றாள் நிலானி.